மனசு மூட்டை

சிப்பிக்குடி சிமெண்ட் ஆலையின் புகை மேலே போவதை நிறுத்திக்கொண்டது ஓர் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது. நாற்பது வருடங்களாக மேலே போய்ப் போய் அதற்கும் அலுத்துவிட்டது போலப் புகைபோக்கியின் வாயில் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு முழங்கால் வலிக்காரர் படி இறங்குவது போல ஒவ்வொரு அடியாக இறங்கி, ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களோடு கலந்து கேட்டை நோக்கி நடந்தது. வாட்ச்மேன் தேசிங்கு எல்லோருடைய டிபன் பையையும் திறந்து பார்ப்பது போல அதையும் நிறுத்தி, கையில் ஒன்றும் இல்லை என்று கண்டு, போகவிட்டார். ஆலைக்கு வெளியே லாரிகள் நிற்கும் பொட்டலில் போய் அது படுத்துக்கொண்டது. மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் பொட்டலில் லாரி திருப்ப இடமில்லை என்று டிரைவர்கள் முனகினார்கள்.

சனிக்கிழமை காலையில்தான் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று தெரிந்தது. தபால்காரர் ஞானப்பிரகாசம் புதுக் கக்கூஸ் கட்ட ஆறு மூட்டை சிமெண்ட் வாங்கிக் கலவை போட்டார். தண்ணீர் ஊற்றிய ஒரு மணி நேரத்தில் பொட்டலில் இருந்து ஆறு புகைகள் எழுந்து, மெயின் ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து, வழியில் யாரிடமும் கேட்காமல் அவர் வீட்டு வாசலில் போய் நின்றன. ஒவ்வொன்றும் பத்து வயதுப் பிள்ளை உயரம். உள்ளே போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தன. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

ஒரு மூட்டைக்கு ஒரு புகை. அதுதான் சட்டம். யார் எழுதினது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மாறவில்லை. அரியலூரில் கலவை போட்டால் அரியலூருக்கு நடந்தது, சென்னையில் கலவை போட்டால் நெடுஞ்சாலையில் வரிசையாக நடந்து சென்னைக்குப் போனது. விரட்டிப் பார்த்தார்கள். சாக்குப் படுதாவில் சுற்றி ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள் வீடு திரும்பியபோது, புகை அவர்களுக்கு முன்பே வந்து தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. தன் சிமெண்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அது இருக்கும். பழைய புகை, நாற்பது வருடமாக மேலே போனது, வரவில்லை. அதற்கு இனிமேல் வீடு அடையாளம் தெரியாது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

புகை மூச்சை அடைக்கவில்லை, கண்ணைக் கரிக்கவில்லை, சோற்றில் வாடை அடிக்கவில்லை. அது இருக்கும் வீட்டில் மனிதர்களுக்குக் களைப்பு வந்தது, அவ்வளவுதான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இப்போதுதான் பஸ்ஸில் இருந்து இறங்கியவர்கள் போல இருந்தார்கள். ஆனாலும் பழகிக்கொண்டார்கள், எதற்குத்தான் பழகவில்லை. பெண்கள் புகையைச் சுற்றிக்கொண்டு வீடு கூட்டினார்கள். டி.வி.யை மறைத்து உட்கார்ந்த புகையிடம், "கொஞ்சம் தள்ளி உக்காரு சாமி," என்று சொல்லி, அது தள்ளாததால் டி.வி.யைத் தள்ளி வைத்தார்கள். பூனைகளுக்கு அதன் மடி பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காபி குடித்து முடித்ததும் குரலைத் தாழ்த்தி, "வீட்டுல எத்தனை புகைங்க?" என்று கேட்டார்கள். புறவழிச்சாலைப் பாலத்துக்கு அடியில் பல ஆயிரம் புகைகள் சந்தை மாடுகள் போல நெருக்கியடித்து நின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே போனார்கள். கூரை வேய்ந்த வீட்டுக்காரர்களுக்கும் ஓட்டு வீட்டுக்காரர்களுக்கும் புகை வரவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக அவர்கள் மாடி வீட்டுக்காரர்களைப் பார்த்து, பாவம், என்றார்கள்.

பொற்கொடி அந்த ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் பத்து வருடமாக வேலை பார்த்தாள். சிமெண்டை உள்ளங்கை அளவுக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, எடுத்து இயந்திரத்தில் வைத்து உடைப்பது அவள் வேலை. எவ்வளவு அழுத்தினால் உடைகிறது என்று எழுதி வைப்பாள். அதிகம் பேசமாட்டாள். ஒரு கூட்டத்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தால் அவள் குரல் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். கட்டி உடைகிற சத்தம்தான் அவள் ஒரு நாளில் எழுப்புகிற பெரிய சத்தம்.

அவள் கணவன் கலியபெருமாள் அதே ஆலையில் மூட்டை கட்டும் பகுதியில் பதினைந்து வருடம் நின்றவன். இப்போது நிற்க முடியவில்லை. படியேறினால் இரைத்தது, சிரித்தால் இரைத்தது, அதனால் சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். அவர்கள் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீடு. வெயில் உள்ளே இறங்கியது, ஷீட்டின் இடைவெளியில் ஆலைத் தூசி இறங்கியது. "இந்த வீட்ல இருந்துக்கிட்டு நான் குடுக்கிற மருந்தைச் சாப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. இடுக்கு இல்லாத கூரை போடுங்க," என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள் மேலத் தெருவில் இரண்டு அறையும் ஒரு கூடமுமாகச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். புகை இறங்கிய அன்றைக்குச் சுவர் முடிந்து, கூரை மட்டும் பாக்கி. கூரைக்கு நாற்பத்தெட்டு மூட்டை.

நாற்பத்தெட்டு மூட்டை என்றால் நாற்பத்தெட்டு புகை. கலியபெருமாளுக்கு எத்தனை தாங்கும் என்று தெரிந்துகொள்ள, பொற்கொடி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் அவனைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பாயில் படுக்க வைத்தாள். பத்து புகை உள்ள வீட்டில் தூங்கினான். டீச்சர் வீட்டில் இருபத்தைந்து, அங்கேயும் தூங்கினான், கொஞ்சம் புரண்டான். முப்பது இருந்த அரிசி மில்காரர் வீட்டில் இருபது நிமிடத்தில் எழுந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"கூரை இல்லாட்டியும் முடியாது, கூரை இருந்தாலும் முடியாது. நம்ம ராசி அப்படி," என்றான், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்துகொண்டு. அவள் மிதித்தாள்.

மறுநாள் அவள் சூளைப் பொறுப்பாளர் தினகரன் அறைக்குப் போய், கதவருகிலேயே நின்று, புகையைக் குறைக்க என்ன வழி என்று கேட்டாள். அவருக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. போன மாதம்தான் அவர் வீட்டுக்கு மாடி எடுத்திருந்தார்.

"எல்லாரும் இதையேதாம்மா கேக்குறாங்க," என்றார். "கரண்டுல ஓட்டுங்கன்னு கலெக்டர் ஆபீஸ்ல சொல்றாங்க. அந்தச் சூட்டுக்குக் கரண்டு எங்க கெடைக்கும். சரி, தீயை மாத்திட்டோம்னே வச்சுக்க. நிலக்கரிக்குப் பதிலா உமியப் போடுறேன், குப்பையப் போடுறேன். கல்லை என்ன பண்றது? சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா அது மூச்சு விடும். நம்ம புகையில பாதிக்கு மேல தீயோடது இல்ல, கல்லோடது. இந்த எடம் ஒரு காலத்துல கடல், அந்தச் சிப்பியெல்லாம் இழுத்துப் புடிச்சு வச்ச மூச்சு. கல்லைச் சுடாம சிமெண்ட் இல்லை."

பொற்கொடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சுரங்கத்தில் கல்லுக்கு மேலே கிடக்கும் களிமண்ணை வேண்டாம் என்று வாரிக் கொட்டிக் கொட்டி அங்கே சிவப்பாக ஒரு குன்று நின்றது. நாற்பது வருடக் குன்று. அதன்மேல் கருவேலம் முளைத்திருந்தது.

"கல்லைக் கம்மியாச் சுட்டா?" என்றாள். நான்கு பேர் இல்லாததால் குரல் வந்தது.

களிமண்ணைச் சுட்டாலும் அது இறுகும். கல்லுக்கு வேண்டிய சூட்டில் பாதி போதும், சுடும்போது களிமண் வெறும் நீராவியைத்தான் விடும். சுட்ட களிமண்ணோடு சுடாத கல்லையும் கொஞ்சம் பொடித்துச் சேர்த்தால், சுட்ட கல் பாதி போதும். எங்கெங்கோ செய்திருக்கிறார்கள் என்று அவள் படித்திருந்தாள். அன்றிலிருந்து தன் வேலை முடிந்த பிறகு அவள் குன்றின் மண்ணைச் சுட்டாள், அரைத்தாள், வார்த்தாள், தண்ணீரில் போட்டாள், இருபத்தெட்டு நாள் காத்திருந்தாள், உடைத்தாள். முதல் கட்டி பிஸ்கட் போல உடைந்தது. இரண்டாவது மாதத்துக் கட்டி கொஞ்சம் நின்றது. ஐந்தாவது மாதத்துக் கட்டி பழைய சிமெண்டுக்குச் சமமாக நின்று, பிறகு உடைந்தது. அதே கணக்கில் ஒரு மூட்டை அரைத்துப் பார்த்தாள். அதன் புகை, பொட்டலில் போய்ப் படுத்தது, பழைய புகையில் பாதிதான் இருந்தது. ஆட்டுக்குட்டி அளவு. நிறம் மட்டும் சாம்பலாக இல்லை, செம்மண் ரோட்டில் போய் வந்த வேட்டி போல லேசாகச் சிவந்திருந்தது.

"சிவப்பா இருந்தா எவன் வாங்குவான்," என்றார் தினகரன். "மொதல்ல உன் வீட்டுக் கூரைய போடு. நின்னுச்சுன்னா பாப்போம்." நாற்பத்தெட்டு மூட்டை அரைத்துக் கொடுத்தார். நாற்பத்தெட்டு அரைப் புகை. இருபத்து நாலுக்குச் சமம். கலியபெருமாளுக்குத் தாங்கும்.

கூரை போடும் வேலை கொளஞ்சி மேஸ்திரியுடையது. பொற்கொடியின் அப்பா இருந்தபோது அவரோடு சேர்ந்து சுற்றியவர், அதனால் அவளுக்குச் சித்தப்பா. சிப்பிக்குடியில் அவர் போட்ட கூரைகளை மேலே போகிற காக்கா மட்டும்தான் எண்ண முடியும். அவர் மட்டும் கூரை வேய்ந்த வீட்டில், சாணம் மெழுகிய வாசலோடு, ஒரு புகைகூட இல்லாமல் தெம்பாக இருந்தார்.

அந்தப் பக்கத்து மேஸ்திரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கணக்குப்படி எத்தனை மூட்டையோ அத்தனையும் போட்டு முடித்ததும், கடைசியில் கணக்கில் இல்லாத ஒரு மூட்டையைச் சேர்ப்பார்கள். அதற்கு மனசு மூட்டை என்று பெயர். தாங்குமா தாங்காதா என்று ராத்திரியில் மனசு கேட்கக்கூடாது என்பதற்காகப் போடுவது. வேண்டியவர்கள் வீடு என்றால் இரண்டு. கொளஞ்சிக்கு மனசு பெரிது என்று ஊரில் சொல்வார்கள்.

"சித்தப்பா, இதுல மனசு மூட்டை வேண்டாம்," என்று பொற்கொடி முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "நாப்பத்தெட்டோட நிறுத்திக்குங்க. ஒண்ணு கூடினாலும் இவருக்கு ஆவாது."

கொளஞ்சி ஒரு கை சிமெண்டை அள்ளி, விரலிடுக்கில் தேய்த்து, மோந்து பார்த்தார். "இது என்னம்மா, மண்ணு."

"சுட்ட மண்ணு சித்தப்பா. உடைச்சுப் பாத்துட்டேன்."

"நீ உடைக்கிறது உள்ளங்கை அளவு. நான் போடுறது தலைக்கு மேல." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. நாப்பத்தெட்டு," என்றார்.

கூரை போட்டது ஒரு வைகாசி வெள்ளிக்கிழமை. விடிந்ததும் கலவை மெஷின் வந்தது. முதல் மூட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பதினாறு பெண்கள் ஏணியில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். கல்லும் மணலும் சிவப்புச் சிமெண்டும் குழைந்து கூரைமேல் பரவின. பதினோரு மணிக்கு முதல் புகைகள் வந்தன. ஆட்டுக்குட்டி ஆட்டுக்குட்டியாக மேலத் தெருவில் நுழைந்து, மெஷின் சத்தத்துக்கு ஒதுங்கி, சுவரோரம் உட்கார்ந்தன. சட்டி தூக்குகிற செல்லக்கிளி, "அடியே, சின்னச் சின்னதா எவ்வளவு அழகா இருக்கு, ஒண்ணை வீட்டுக்குக் கொண்டுட்டுப் போவலாம்போல," என்றாள். "உன் வீட்டுல உன் மாமியாளே இருக்கா, போதும்," என்றாள் அடுத்த படியில் இருந்தவள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. பந்தலில் பிரியாணி பரிமாறினார்கள். கூரை போட்ட அன்றைக்குப் பிரியாணி போடாத வீடு சிப்பிக்குடியில் இல்லை. கலியபெருமாள் புது வேட்டி கட்டிக்கொண்டு கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தலையாட்டினான். பொற்கொடி புகைகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. நாற்பத்தெட்டாவது கொஞ்சம் நொண்டியபடி வந்து சேர்ந்தது. அவள் அப்போதுதான் இலை முன் உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு ஆள் உயரத்துக்கு ஏதோ தெரு முனையில் திரும்பியது. அதன் பின்னால் இன்னொன்று. சிறிய புகைகளைப் பார்த்த கண்ணுக்கு அவை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தன. எட்டு. சாம்பல் நிறம். கலவை மெஷினைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, கலியபெருமாளின் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நாலு நாலாக உள்ளே போய்க் கூடத்தில் உட்கார்ந்தன.

பொற்கொடி இலையில் இருந்து எழுந்து, மேஸ்திரியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். கொளஞ்சி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா."

"சாப்பிடும்மா."

"எத்தனை போட்டீங்க?"

"மனசு கேக்கலம்மா." எலும்பை இலையின் ஓரத்தில் வைத்தார். "சிவப்பா இருக்கு. முப்பது வருசத்துல சிவப்பா ஒண்ணை நான் போட்டதில்லை. மாப்ள படுக்குற எடம். கடைசியா நீங்க சாமி கும்புட உள்ள போனப்ப நம்ம சிமெண்டை எட்டு மூட்டை கொண்டாந்து, கூடத்துக்கு மேல மட்டும் ரெண்டு அங்குலம் கனமாப் போட்டேன். எனக்காவ இல்ல. அவன் மேல விழுந்துச்சுன்னா நான் எங்க போய் நிக்கிறது."

பந்தலில் முப்பது பேர் இருந்தார்கள். பொற்கொடியின் குரல் வழக்கம்போலத் தொண்டைக்குக் கீழே போய் நின்றுகொண்டது. கோபப்படலாம் என்று தேடிப்பார்த்தாள், கோபத்துக்குக்கூடத் தெம்பு இல்லை, ஆறு மாதம் சுட்டு அரைத்து உடைத்த களைப்பு மட்டும் இருந்தது. இருபத்து நாலும் எட்டும் முப்பத்திரண்டு. அவள் கை கழுவினாள். ஒரு சட்டியையும் கரணையையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

கூடத்துக்கு மேலே, சிவப்புத் தரைக்கு நடுவில், ஒரு பாய் விரித்த மாதிரி சாம்பல் நிறமாக இருந்தது. இன்னும் இறுகவில்லை. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம்தான். அவள் ஓரத்தில் மண்டியிட்டுச் சாம்பலைச் சுரண்டிச் சட்டியில் போட ஆரம்பித்தாள்.

கொளஞ்சி எச்சில் கையோடு ஏறி வந்தார். "கூரை போட்ட அன்னிக்கே கூரையில கை வைக்கக் கூடாதும்மா. ஊரு என்ன சொல்லும்."

அவள் சுரண்டினாள்.

"நான் தப்புக் கூரை போட்டேன்னு சொல்லும்."

அவள் சுரண்டினாள். அப்போது கீழே இருந்து அந்தச் சத்தம் வந்தது. கொளஞ்சிக்கு அது பழக்கமில்லை. ஓட்டைப் பந்துக்குக் காற்றடிப்பது போல ஒரு சத்தம். அவர் கூரை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். கலியபெருமாள் நாற்காலியில் இருந்து எழுந்து, இரண்டு கையாலும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு, புது வேட்டியின் நுனியை வாயில் வைத்திருந்தான். மேலே பார்த்து, ஒன்றுமில்லை என்று சித்தப்பாவுக்குக் கையாட்டினான்.

கொளஞ்சி சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, கீழே பார்த்து, "ஏம்மா, எல்லாரும் மேல வாங்க," என்றார்.

"கை கழுவிட்டோமே மேஸ்திரி," என்றாள் செல்லக்கிளி.

"திரும்பக் கழுவிக்கலாம். வாங்க. சிவப்பு தெரியுற வரைக்கும் வழிக்கணும், சிவப்புல கரணை படக்கூடாது."

வெயிலில் மறுபடியும் பதினாறு பெண்கள் ஏணியில் நின்றார்கள். காலையில் மேலே போன கை இப்போது கீழே வந்தது. யாரும் பாடவில்லை, யாரும் வேடிக்கை பேசவில்லை. சாம்பல் குறையக் குறையச் சிவப்பு ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்தது.

"எங்க கொட்டுறது?" என்று கீழே கேட்டார்கள். தெருவில் கொட்டினால் புகை தெருவில் உட்காரும். பள்ளிக்கூடம் அங்கே. ஏரியில் கொட்டினால் ஏரியில் உட்காரும், குடிக்கிற தண்ணீர். ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டைப் பார்த்தார்கள்.

"என் வீட்டுக்குக் கொண்டு போங்க," என்றார் கொளஞ்சி, கரணையைப் பார்த்துக்கொண்டே. "என் மனசுதானே."

மேலத் தெருவில் இருந்து கொளஞ்சி இருந்த காலனி வரைக்கும் தலையில் சட்டியோடு பெண்கள் நடந்தார்கள். முதல் சட்டி தெருவைத் தாண்டியதும் கூடத்தில் இருந்த பெரிய புகைகளில் ஒன்று எழுந்து, பின்னாலேயே போனது. பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. ஊர் வாசலில் நின்று பார்த்தது. டீக்கடையில் மற்ற மேஸ்திரிகள் கிளாஸைக் கையில் பிடித்தபடி, குடிக்காமல் பார்த்தார்கள்.

கொளஞ்சியின் மனைவி சின்னம்மாள் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். சட்டிகளைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற எட்டையும் பார்த்தாள்.

"முப்பது வருசமா வாசலுக்குச் சிமெண்ட் போடுய்யான்னு கேட்டேன்," என்றாள். "இன்னைக்குத்தான் மனசு வந்துச்சா. அதுவும் எட்டுப் பேரைக் கூட்டிக்கிட்டு." புளியை முறத்தோடு தூக்கி வேறு இடத்தில் வைத்தாள். "கொட்டுங்கடி. மழைத்தண்ணி வடியுற மாதிரி சரிவாப் போடச் சொல்லுங்க. ஊருக்கெல்லாம் போடுறவரு, என் வாசலுக்கும் ஒழுங்காப் போடட்டும்."

பொழுது சாய்வதற்குள் கொளஞ்சி தன் வாசலைத் தானே தேய்த்து முடித்தார். எட்டு புகைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்தன. எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல், அவரும் அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

கூரைமேல் பாத்தி கட்டி இருபத்தொரு நாள் தண்ணீர் நிறுத்தினார்கள். சென்ட்ரிங் பிரிக்கிற அன்றைக்குக் கொளஞ்சி யாரையும் உள்ளே விடாமல், பலகைகளை ஒவ்வொன்றாகத் தானே கழற்றி, கடைசிப் பலகை விழுந்த பிறகும் கூடத்துக்கு நடுவில் அண்ணாந்து நின்றார். கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்றுவிட்டு வெளியே வந்து, "நிக்குது," என்றார். அவர் முகம் எட்டு புகை உள்ள வீட்டுக்காரர் முகமாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் போட்ட கூரைகளில் கணக்கு முடிந்ததும் மெஷினை நிறுத்திவிட்டு, சட்டென்று கீழே இறங்கிவிடுவார் என்று செல்லக்கிளி சொன்னாள். மேலே நின்றால் கை இன்னொரு மூட்டைக்குப் போய்விடுமாம்.

கூரைக் கலவையில் இருந்து எடுத்து வார்த்து வைத்திருந்த கட்டிகளைப் பொற்கொடி இருபத்தெட்டாம் நாள் உடைத்தாள். எண்ணை எழுதினாள். தினகரன் அதைப் பார்த்து, மேலே அனுப்புகிறேன் என்றார். மேலே என்றால் எவ்வளவு நாள் ஆகும் என்று அவள் கேட்கவில்லை. சூளை ஓடிக்கொண்டிருந்தது. பொட்டலில் பழைய அளவுப் புகைகள் ஆயிரக்கணக்கில் படுத்திருந்தன. குன்றின் ஓரத்தில் அவள் மண் எடுத்த குழி, ஒரு கிணற்றின் அளவுகூட இல்லை.

பால் காய்ச்சிய அன்று மத்தியானம், எல்லோரும் போன பிறகு, கலியபெருமாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். சுவரோரம் நாற்பத்தெட்டு ஆட்டுக்குட்டிகள் போலப் புகைகள் உட்கார்ந்திருந்தன. பொற்கொடி அவன் தலைமாட்டில் சுவரில் சாய்ந்துகொண்டு அவன் மூச்சை எண்ண ஆரம்பித்தாள். இருபது நிமிடம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. ஒருமுறை புரண்டான். மூச்சில் சின்னதாக ஒரு சீட்டிச் சத்தம் வந்தது, வந்து, நின்றது. கூரையில் இருந்து தூசி இறங்கவில்லை. அவன் தூங்கினான்.

இரண்டு மணிச் சங்கு ஊதியது. எங்கோ யாரோ கலவையில் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்தில் மேலத் தெரு வழியாகப் பெரிய புகைகள் வரிசையாக நடந்து போயின. கடைசியாக வந்த ஒன்று திறந்திருந்த வாசலில் நின்று, விலாசம் சரிதானா என்று பார்ப்பது போல உள்ளே எட்டிப் பார்த்தது. பொற்கொடி உதட்டில் விரல் வைத்தாள். அது கொஞ்சம் நின்றது, பிறகு முன்னால் போனவற்றோடு சேர்ந்துகொள்ள மெதுவாக நடந்தது. எவ்வளவு தூரம் போக வேண்டுமோ. எண்ணிக்கொண்டிருந்த மூச்சு எத்தனையாவது என்று அவளுக்கு மறந்துவிட்டது, திரும்ப ஒன்றில் இருந்து தொடங்கினாள், ஏழுக்கு வருவதற்குள் அவளும் தூங்கிப்போனாள்.